இழுக்காத நூல்

தொங்குகிற நூலைக் கண்டால் டெய்லரக்காவின் கை சும்மா இருக்காது. பேருந்தில் முன்னால் நிற்பவரின் காலரில் ஒரு பிசிறு ஆடினால் போதும். முன்பின் தெரியாதவர் என்றும் பாராமல் இழுத்து அறுத்துவிடுவாள். திரும்பி முறைப்பவரிடம், "பிசிறுங்க, அவ்வளவுதான்" என்று சிரிப்பாள். முப்பது வருடத் தையல் அவள் விரல்களுக்கு ஏற்றிவிட்ட பித்து அது. அந்த விரல்கள் ஒரே ஒரு நாள் அடங்கி நின்றன. அதற்காக அவள் இன்றும் கடவுளுக்கும் மனிதருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. அவளும், லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் தம்பியும் மட்டுமே அந்த வீட்டில். இருவருக்குமே கல்யாணம் கூடி வரவில்லை. அதை எண்ணி அழுத காலமும் போய்விட்டது. காலையில் இரண்டு வார்த்தை, மாலையில் இரண்டு வார்த்தை, நடுவே மெஷின் சத்தம். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது வாழ்க்கை.

தெருக்கோடியில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். கைவிடப்பட்ட பூனைகளை எடுத்து வந்து, தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பார். தெருவே அவரைப் பூனை மேடம் என்றது. அவர் கேட்டிருந்த குட்டி மெத்தைகளைத் தைத்துக்கொண்டு போன அன்றுதான் அக்கா அந்த இரண்டு குட்டிகளையும் பார்த்தாள். மழைநீர்க் குழாய்க்குள்ளிருந்து மீட்கப்பட்ட அண்ணனும் தங்கையும். அண்ணன் சாம்பல் நிறம். தங்கை கறுப்பு, நெற்றியில் மட்டும், சட்டைக்குப் பொத்தான் துளை போட்டதுபோல ஒரு வெள்ளைக் கீற்று. அது நேராக நடந்து வந்து அவள் மடியில் ஏறியது. சுருண்டது. தூங்கியே போய்விட்டது. அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தன் மடியில் ஓர் உயிர் நம்பித் தூங்கி எத்தனை காலமாயிற்று!

"மேடம், இவங்க ரெண்டு பேரையும் எனக்குக் குடுத்துருங்க."

"யாருக்கு வேணா குடுப்பேன் டெய்லரம்மா. உங்களுக்கு மாட்டேன்."

"நான் என்ன பாவம் பண்ணேன்?"

"பாவம் இல்ல, நூல். பூனை நாக்கு முள்ளு முள்ளா இருக்கும். நூல் ஒட்டுச்சுன்னா அதுக்குத் துப்பத் தெரியாது, முழுங்கத்தான் தெரியும். உள்ள போய்க் குடலச் சுருக்கிரும். உங்க வீட்டுத் தரை பூரா நூலு."

அக்கா வீட்டுக்கு வந்து தரையைப் பார்த்தாள். உண்மைதான். அன்றைக்கே தம்பியைப் பிடித்துக்கொண்டாள். தையலறைக்கு இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு, ஜன்னல்களுக்குக் கம்பி வலை, நூல்கண்டுகளுக்கு மூடியுள்ள டப்பாக்கள்.

"என் ரூமுக்குத் தாழ்ப்பாள் உடைஞ்சு எத்தன வருஷமாச்சு, அது உன் கண்ணுக்குத் தெரியல" என்று தம்பி முனகினான். "பூனைக்கு மாளிகை கட்டுறா!"

"உன் ரூம்ல என்னடா இருக்கு திருட? வாய மூடிட்டு வேலையப் பாரு."

பூனை மேடம் வந்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். அரைமனதாகத் தலையாட்டினார். "ரெண்டையும் பிரிக்காம வளக்கணும். ஊசி போடணும், குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணணும், வெளிய விடக் கூடாது. தப்பித் தவறி வாயில நூல் தொங்குறதப் பாத்தா இழுக்காதீங்க, நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க. அப்புறம் ஒண்ணு. ஒரு தடவ நூல் உள்ள போச்சுன்னாலும் ரெண்டையும் திருப்பி எடுத்துக்குவேன். அழுதாலும் மசிய மாட்டேன்."

"சரி மேடம்" என்றாள் அக்கா, அப்போதே அழுதுகொண்டு.

அண்ணனுக்கு, தையல் மெஷினில் நூல் சுற்றும் சின்ன உருளையின் பெயரான பாபின் என்று பெயர் வைத்தாள். தங்கைக்கு, நெற்றியிலுள்ள பொத்தான் துளைக்காக, தையல்காரர் பாஷையில் காஜா. வந்த புதிதில் இரண்டும் கட்டிலுக்கு அடியைவிட்டு வரவில்லை. அக்கா இழுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, அன்றன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். மெல்ல ஒரு மூக்கு வந்தது. பிறகு ஒரு கால். பாலை ஊற்றப் போன தம்பியை, "பால் ஒத்துக்காதுடா, தண்ணி வை" என்று அதட்டினாள். ஆபரேஷனுக்குக் கொண்டுபோன அன்று வாசலில் நின்று அவள் விசும்ப, "உனக்கா ஆபரேஷன்?" என்று கேலி செய்தவன், இரண்டும் மயக்கம் தெளிந்து தள்ளாடுவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு நாள் அக்கா கடைவீதிக்குப் போய்விட்டு வந்தபோது, அவன் பாபினிடம் தன் மேலாளரைத் திட்டிக்கொண்டிருந்தான். அதற்கு முன் அந்த வீட்டில் அவன் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

பள்ளிச் சீருடை தைக்கிற காலம் வந்தது. மெஷினில் எந்நேரமும் பச்சை நூல். மதியச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள் அக்கா. தரை சுத்தம், டப்பாக்கள் மூடியிருந்தன. ஆனால் நூல் அவள் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்ததை அவள் எப்படி அறிவாள்?

கை கழுவிவிட்டுத் திரும்பினாள். காஜா சமையலறை நடுவே நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. உதட்டோரம் பச்சையாக ஒரு நூல் தொங்கியது. அவள் பார்க்கும்போதே அது குறைந்துகொண்டே போனது.

கை பாய்ந்தது. இரண்டு விரல்கள் நூலின் நுனியைப் பிடித்தும்விட்டன! 'இழுக்காதீங்க' என்ற குரல் எங்கிருந்து வந்து காதில் அறைந்ததோ! இடது கையால் தன் வலது கை மணிக்கட்டை இறுகப் பற்றி, விரல்களைப் பிரித்தாள்.

"இன்னும் கொஞ்சம் தெரியுதுக்கா, இழு!" என்று, சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த தம்பி குனிந்தான்.

"தொடாத! தொட்டா கொன்னுருவேன்! துண்டு எடு, வண்டிய எடு!"

துணி மடித்து வைக்கும் கூடையைக் கவிழ்த்துக் காலி செய்து, காஜாவைத் துண்டோடு அதில் வைத்து ஓடினார்கள்.

டாக்டர் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். "நாக்குக்கு அடியில சுத்தியிருக்கு. மீதி வயித்துல, ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். நல்லவேளை இழுக்கல, இழுத்திருந்தா உள்ள அறுத்திருக்கும்." காஜாவை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடிக்கொண்டது.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தாள்.

"யாருக்குக்கா?"

"மேடத்துக்கு."

"உனக்குப் பைத்தியமா? சொன்னா ரெண்டையும் தூக்கிட்டுப் போயிருவாங்க. பாபினையும்!" அவன் குரல் உடைந்தது. "பொழைச்சு வரட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"

"என்னை நம்பிக் குடுத்தவங்கடா. என்னால பாத்துக்க முடியலன்னா, காஜா முடிஞ்சவங்ககிட்ட இருக்கட்டும். உசுரோட இருந்தாப் போதும்."

பூனை மேடம் வந்தார். அவர் கையில் மூடி போட்ட பெரிய பூனைக்கூடை. அதைப் பார்த்ததும் தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

"நூல் என் முதுகுல ஒட்டிட்டு வந்திருக்கு மேடம். என் தப்புதான். எடுத்துக்குங்க. ஆனா ரெண்டையும் ஒரே வீட்டுல விடுங்க."

"இழுத்தீங்களா?"

"இல்ல."

"கை போகல?"

"போச்சு. புடிச்சுக்கிட்டேன்."

அக்காவின் வலது மணிக்கட்டில் இடது கை விரல்கள் பதிந்த சிவப்புத் தடம் இன்னும் மாறவில்லை. மேடம் அதையே பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாலு வருஷமா பூனை குடுக்குறேன். எதையாவது முழுங்கினா ஒளிச்சு வச்சு, செத்த பிறகு சொல்றவங்களத்தான் அதிகம் பாத்திருக்கேன். அவங்களுக்குப் பயந்துதான் அவ்வளவு கண்டிஷன் போட்டேன். உங்ககிட்ட இருந்து எடுத்து நான் யார்கிட்ட குடுக்க?"

"அப்ப இந்தக் கூடை?"

"துணிக்கூடையிலயா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்க? வயித்துல தையலோட வரப்போறவ, குலுங்கக் கூடாது."

அக்கா அந்தக் கூடையைக் கட்டிக்கொண்டு அழுத அழுகைக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே காஜா கண் விழித்திருந்தது.

வீடு திரும்பியபோது, ஆஸ்பத்திரி வாசனை பிடிக்காமல் பாபின் தங்கையைப் பார்த்துச் சீறியது. தம்பி அதைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். வாசனை பழகி இரண்டும் மறுபடி சேரும்வரை, ஒன்று படுத்த துணியை மற்றதற்கு மாற்றி மாற்றிப் போட்டான். அக்கா ஒரு நீள அங்கி தைத்துக்கொண்டாள். தையலறையை விட்டு வரும்போது அதைக் கழற்றிக் கதவுக்கு உள்ளேயே மாட்டுவாள். பிறகு, "டேய், முதுகப் பாரு" என்று கூப்பிடுவாள். தம்பி வந்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "ம், போ" என்பான். அந்த "ம், போ"வைக் கேட்காமல் அவள் இன்றுவரை சமையலறைக்குள் கால் வைத்ததில்லை.