துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

துப்பாக்கி வெடிக்காமல் போனால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். ‘டக்.’ அவ்வளவுதான். எங்கள் வீட்டு கேஸ் லைட்டரும் பற்றாத நேரங்களில் அதே சத்தத்தைப் போடுகிறது. அதனால் ஒரு வருஷமாக எங்கள் அடுக்களையில் தீப்பெட்டிதான். இவ்வளவு படித்த மனுஷன் லைட்டருக்குப் பயப்படுகிறானே என்று மனைவி தன் தங்கையிடம் போனில் சொல்கிறாள். நான் காதில் விழாததுபோல் பேப்பர் படிக்கிறேன்.

மேல்பட்டாம்பாக்கம் பக்கத்தில் என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, கரும்பு வயல் இருக்கிறது. காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து கரும்பைச் சாய்த்துவிட்டுப் போகும். பட்டாசுக்கெல்லாம் அவை பழகிவிட்டன. மச்சானிடம் அவன் அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கான லைசென்ஸ், அப்பாவுக்குப் பிறகு இவன் பெயருக்கு மாறியது. பன்றியைச் சுடுவதற்கல்ல, வானத்தைப் பார்த்து வெடித்து விரட்டுவதற்கு.

போன வருஷம் ஒரு சாயங்காலம் வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். கரும்புக்குள்ளிருந்து ஒரு தனிப் பன்றி வெளியே வந்து நின்றது. மச்சான் நின்ற இடத்திலிருந்தே வெடித்திருக்கலாம். அதை விட்டு நாலைந்து எட்டு முன்னால் போய், துப்பாக்கியைத் தூக்கி விசையை இழுத்தான். டக். அடுத்த கணம் பன்றி அவன் தொடையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. நான் மோட்டார் கொட்டகையின் கூரைமேல் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. செருப்பு கீழேயும் நான் மேலேயும் கிடந்ததை வைத்து ஊகித்துக்கொண்டதுதான்.

காயம் ஆறிவிட்டது. ஆனால் மச்சான் அதன்பிறகு வயலுக்குள் கால் வைக்கவில்லை. வரப்போடு நின்று ஆட்களிடம் கத்திப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவான். பாதிக் கரும்பு பன்றிக்கு என்று ஆகிவிட்டது. இந்தப் பட்டமும் இப்படியே போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மறுபடி துபாய்க்கே போய்விடுகிறேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தான்.

பயம் பன்றிமேல் இல்லை. அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

“அப்பா கையில இருந்த வரைக்கும் அது ஒரு தடவகூடப் பொய்க்கல மாமா. என் கைக்கு வந்ததும் பொய்ச்சிடுச்சு.”

அப்பா இறந்தபோது இவன் துபாயில் இருந்தான். லீவு கிடைத்து வந்து சேர்ந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். இவன்தான் ஒரே ஆண்பிள்ளை. நான் ஏதோ அறிவியல் சொன்னேன். அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். என் கட்டுரைகளைப் படித்தேன் என்று சொல்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

ஆகவே வேறு துப்பாக்கி வாங்குவது என்று முடிவாயிற்று. சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில், ஒரு அம்மாவிடம் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பழைய வெளிநாட்டு ரைஃபிள் விலைக்கு இருப்பதாகத் தெரிந்தது. சின்னத் தோட்டா. தோட்டத்துப் பெருச்சாளிக்காக அவர் கணவர் வாங்கியதாம். நம்பகமானதா என்று பார்க்க நான் நியமிக்கப்பட்டேன். துப்பாக்கி பற்றி நான் புத்தகங்கள் படித்திருக்கிறேன். நீச்சல் பற்றியும் படித்திருக்கிறேன், கடலூர் சில்வர் பீச்சில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

பைக்கில் போகும்போது மச்சான் பின்னாலிருந்து சொன்னான்: “இதுல ஒண்ணு பொய்ச்சாலும் கவல இல்ல மாமா. அடுத்தது தானா ஏறிக்கும்.”

“அப்படி இல்ல மச்சான். மொதல் தோட்டா வெடிக்கிற வேகத்துலதான் அடுத்தது ஏறும். அது வெடிக்கலன்னா அப்படியே நிக்கும். கையால இழுத்து விடணும்.”

“அப்ப ஒண்ணு செத்தா எல்லாமே செத்துச்சா?”

நான் வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டியிருக்கலாம்.

அந்த அம்மா ரிட்டயர் ஆன டீச்சர். கணவர் இறந்தபின் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கியிருந்தார். இப்போது மகளோடு பெங்களூர் ஃபிளாட்டுக்குப் போகிறார். பீரோவைத் திறந்து, கணவரின் பட்டு வேட்டியில் சுற்றியிருந்ததை எடுத்துக் கட்டிலில் வைத்தார். குழந்தையைக் கிடத்துவதுபோல் தலைப்பக்கம் பார்த்துக் கிடத்தினார்.

“தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணும் சார். அது வீட்ல இல்லாத நாள்ல எனக்குத் தூக்கமே வராது. அவர் வெளியூர் போயிருக்கிற மாதிரி இருக்கும்.”

கட்டையின்மேல், இரும்பின்மேல், விசைக்குப் பக்கத்தில், எங்கும் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு ஆயுதத்துக்குப் பொட்டு வைப்பது நியாயம்தான். என் கம்ப்யூட்டர் கீபோர்டிலேயே சில எழுத்துகள் குங்குமத்தால் இறுகிக்கிடக்கின்றன. அவை இல்லாத சொற்களாகப் பார்த்து எழுதிக்கொள்கிறேன்.

மச்சான் எடுத்ததும் விசையில் விரலைக் கொண்டுபோனான்.

“வேணாம் தம்பி,” என்றார் அந்த அம்மா. “உள்ள ஒண்ணும் இல்லாம விசைய இழுக்கக்கூடாது. இந்தச் சாதித் துப்பாக்கிக்கு, தோட்டாவக் குத்துற ஊசி அடிபடும்னு அவர் திட்டுவார்.” திட்டினார் என்று சொல்லவில்லை.

புதுச்சேரியில் துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர் எங்களுக்கு மருந்தில்லாத வெத்துத் தோட்டாக்கள் கொடுத்திருந்தார். அவற்றை அடைத்து, மேலே இருக்கும் இரும்பைப் பின்னால் இழுத்து விட்டேன். அது சட்டென்று முன்னால் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. வயசானவர் படியேறுவதுபோல் பாதிதூரம் வந்து நின்றது. தோட்டா குறுக்கே சிக்கிக்கொண்டது.

மச்சான் முகம் வெளுத்தது. “இதுவும் அப்படித்தானா?”

தோட்டாவை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சளாக ஏதோ அப்பிக்கிடந்தது. அந்த அம்மா வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வந்தது. முகர்ந்தேன். சந்தனம். விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ சேர்ந்து கோந்தாகியிருந்தது.

“அவர் பொட்டு வெளியிலதான் வைப்பார்,” என்றார் அந்த அம்மா தாழ்ந்த குரலில். “நான்தான், முக்கியமான எடம் உள்ளதான இருக்குதுன்னு, உள்ளயும் வெச்சேன். நல்லா இருக்கட்டும்னுதான் சார் வெச்சேன்.”

மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷும் கேட்டு வாங்கி உட்கார்ந்து தேய்த்தேன். பிறகு இழுத்து விட்டால் இரும்பு அறைந்தது. இழுக்க இழுக்க வெத்துத் தோட்டாக்கள் ஒவ்வொன்றாக ஏறி, ஒவ்வொன்றாகத் தெறித்துத் தரையில் உருண்டன. திருப்பித் திருப்பி அடைத்தேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் கைவைத்த ஒரு யந்திரம் முன்பைவிட நன்றாக ஓடியது. பாராட்டை எதிர்பார்த்துத் திரும்பினேன்.

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. கீழே மண்ணெண்ணெயில் ஊறிக் கிடந்த மஞ்சள் பொருக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, பன்னி கிழிக்கறதுக்கு முந்தின ஆயுத பூஜைக்கு அப்பா துப்பாக்கிய நான்தான் எடுத்து வெச்சேன். மடக்கித் தெறந்து உள்ளயும் பொட்டு வெச்சேன். ஊசி வர்ற ஓட்ட இருக்குல்ல, வட்டமா? அது மேலயே வெச்சேன்.”

“ஊசி வெளிய வராம அடச்சிருக்கும்,” என்றேன்.

“அப்ப அப்பா இல்லியா?”

“சந்தனம் மச்சான். வெறும் சந்தனம்.”

அவன் சிரித்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு. “அம்மா, நாளைக்கு போன் பண்றேன்,” என்று சொல்லிவிட்டு வாசலில் செருப்பைத் தேடினான். அந்த அம்மா ரைஃபிளை மறுபடி வேட்டியில் சுற்றத் தொடங்கினார்.

நாங்கள் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பன்றி கிழித்த அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு ஒற்றைக்குழலை யாரும் தொடவில்லை. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் யாரோ தோட்டாவை எடுத்துவிட்டுச் சுவரில் மாட்டியது மாட்டியபடி இருந்தது. மச்சான் இறக்கினான். மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

“நீங்க பாருங்க மாமா.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டார்ச் அடித்தேன். ஊசி வரும் ஓட்டையைச் சுற்றி இரும்பில் ஒரு மஞ்சள் வளையம் லேசாகத் தெரிந்தது. ஓட்டையில் ஒன்றுமே இல்லை. ஒரு ஊக்கை விட்டுப் பார்த்தேன். தடையில்லாமல் போயிற்று. யாரோ துடைத்து வைத்ததுபோல் இருந்தது. துப்பாக்கிக் கட்டையில் அவன் அப்பாவின் உள்ளங்கை தேய்த்த பளபளப்பு என் விரலுக்கடியில் வழுக்கியது.

“இருக்கா மாமா?”

இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாக அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பன்றிக்கு எதிரே போய் நின்றிருப்பான்.

“இல்ல மச்சான். சுத்தமா இருக்குது. தோட்டாவே பழசா இருந்திருக்கலாம்.”

“இருக்கலாம்.” வாங்கித் திரும்பச் சுவரில் மாட்டினான். கொஞ்சநேரம் அதன்முன் நின்றான். “கையில இது இருந்த தைரியத்துலதான மாமா அன்னைக்கு அவ்ளோ கிட்டப் போனேன்? வெடிச்சிருந்தா அடுத்த தடவ இன்னும் கிட்டப் போயிருப்பேன்.”

நான் டார்ச்சை அணைத்தேன்.

“கோவமோ, வேற என்னமோ. அப்பா வேணாம்னு சொல்லிட்டாரு, அவ்ளோதான்.”

மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே டீச்சருக்குப் போன் போட்டான். துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான், எனக்குத்தான் வேண்டாம் என்றான். “பரவால்ல தம்பி” என்று அந்தப் பக்கம் கேட்ட குரலில் வருத்தம் இல்லை. மறுபடி பொட்டு வைக்கலாமா என்று கேட்டார். “வெளியில மட்டும் வைங்கம்மா.”

பிறகு மாட்டுக்கொட்டகையிலிருந்து ஒரு காலி எண்ணெய் டின்னையும் தடியையும் எடுத்தான்.

“வயலுக்குப் போறேன். நீங்க வரீங்களா மாமா? வந்தா நேராக் கொட்டக மேல ஏறிடுங்க. அப்புறம் அவசரத்துல முட்டி பேந்துக்கும்.”

ஏறித்தான் உட்கார்ந்தேன், இந்த முறை ஏணி போட்டு. அவன் வரப்பில் தயங்கினான், காலை எடுத்து உள்ளே வைத்தான், டின்னைத் தட்டிக்கொண்டே வரிசைக்குள் நுழைந்தான். கொஞ்சதூரம் வரை சட்டை தெரிந்தது. பிறகு சத்தம் மட்டும். டங், டங் என்று அது தள்ளித் தள்ளிப் போயிற்று, எங்கோ தூரத்தில் கரும்பு முறிய ஏதோ ஓடியது.

ஓரிடத்தில் டின் சத்தம் நின்றது. கைமாற்றுகிறானோ என்னவோ. அந்த இடைவெளியில் நான் அந்த இன்னொரு சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவன் கையில் துப்பாக்கியே இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் காத்திருந்தேன்.

டங்.