பியானோ அறைக்கு வெளியே

"பின்னாடி நகருங்க கண்ணுங்களா, பின்னாடி நிறைய இடமிருக்கு" என்று சொல்லிக்கொண்டே மிஸ் வெர்னெல் எட்டுப் பேரைக் கூடத்துக்குள் ஏற்றுகிறார். ஏற்றுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரப் பேருந்தை முப்பத்தோரு வருடம் ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் கை இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை. அவருக்கு ஒவ்வொரு அறையும் ஒரு நிறுத்தம். அடுத்த அறைக்குக் கிளம்புமுன் தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்து, யாரும் விட்டுப்போகவில்லை என்று உறுதி செய்துகொள்வார். நடுவே யாராவது கேள்வி கேட்டால், வண்டி ஓடும்போது டிரைவரிடம் பேசக் கூடாது என்பார். பிறகு அங்கேயே நின்று கால் மணி நேரம் பதில் சொல்வார்.

வீடு லியோட்டிஸ் கிராண்டலுடையது. பியானோக்காரர். எங்கள் தெருவில் அவருடைய பாடல்களில் ஒன்றையாவது பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்காதவர்கள் இல்லை. அவர் காலமான பிறகு நகராட்சி அந்தச் செங்கல் வீட்டை வாங்கிக் காட்சியகமாக்கியது. மிஸ் வெர்னெல் வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டுகிறார். நான் பியானோ அறைக் கதவு தெரிகிற வாசல் மேசையில் சீட்டுக் கிழிக்கிறேன். மிஸ் வெர்னெலும் நானும் ஒரே தேவாலயம், ஒரே பெஞ்சு. பாடகர் குழுவைவிட அரைத் தாளம் முந்திப் பாடுவார். கேட்டால், "அவங்கதான் லேட்டு" என்பார்.

தேய்த்து மடிப்பு வைத்த நீலக் கால்சட்டை. சத்தம் போடாத செருப்பு. பையில் எப்போதும் பெப்பர்மின்ட் மிட்டாய். மதியத்துக்குப் பொரித்த மீன் சாண்ட்விச் கொண்டுவருவார். அதைத் தன் காரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். பெரியவர் கிராண்டலுடைய சாமான்களில் மீன் வாசனை ஏறிவிடக் கூடாதாம். காலையில் வந்ததும் முதல் வேலை, குழந்தைகளுக்குத் தலைவாரும் மெத்தென்ற பிரஷ்ஷால் கிராண்டலின் தொப்பியைத் துடைப்பது.

மிஸ் வெர்னெல் கிராண்டலை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. வேலைக்குச் சேர்ந்த வருடக் குளிர்காலத்தில், கார் பனியில் சிக்கியதால் கிராண்டல் இவருடைய பேருந்தில் ஏறினாராம். முன் இருக்கையில் உட்கார்ந்து முழங்காலில் விரல்களைத் தட்டிக்கொண்டே வந்தாராம். இறங்கும்போது "நல்லா ஓட்டுறம்மா" என்றாராம். நான் கேட்க ஆரம்பித்த நாளில் அந்தப் பனி கணுக்கால் அளவுதான் இருந்தது. இப்போது முழங்காலைத் தாண்டிவிட்டது.

சுற்றின் உச்சம் பியானோ அறை. எல்லோரையும் நாற்காலிகளில் உட்காரவைத்துவிட்டு, மிஸ் வெர்னெல் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "இந்தக் கதவ அவர் ஒருநாளும் சாத்தினதில்ல. பிள்ளைங்க ஓடி வருவாங்க, மடியில ஏறுவாங்க. ஒரு கையால பிடிச்சுக்கிட்டு ஒரு கையால வாசிப்பாரு." சுவர்ப் பலகையிலும் அதையேதான் எழுதியிருக்கிறது. அதன் பிறகு இசைத்தட்டைப் போடுவார். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் வெளியே வருகிறவர்கள் குறைவு.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஒரு பெண்மணி தனியாகச் சீட்டு வாங்கினார். அறுபதைத் தாண்டிய வயது. பியானோ அறையில் மிஸ் வெர்னெல் கதவைப் பற்றிச் சொல்லி முடித்ததும், அவர் பின்வரிசையிலிருந்து மெதுவாகச் சொன்னார்.

"கதவு எப்பவும் சாத்தித்தாங்க இருக்கும்."

"உங்களுக்கு யார் அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானும் என் தங்கச்சியும் இந்த வீட்லதான் வளர்ந்தோம்."

அவர் மார்வா, கிராண்டலின் மூத்த மகள். ஓக்லண்டிலிருந்து வந்திருந்தார். கோபமே இல்லாமல், சமையல் குறிப்புச் சொல்வதுபோல்தான் சொன்னார். அப்பா வேலை செய்யும்போது கரண்டிச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. பிள்ளைகள் இருவரையும் அம்மா பின்பக்கப் படியில் உட்காரவைத்துச் சோறு போடுவார், நவம்பர் குளிரிலும். வாசிப்பு நன்றாக அமைந்த நாளில் மட்டும் அப்பா வெளியே வந்து அவர்களைத் தூக்கிக்கொள்வார். "அதுக்காகக் காத்துக்கிட்டே இருப்போம்" என்றார். "அவர் கெட்டவர் இல்லம்மா. கதவு சாத்தியிருந்துச்சு, அவ்வளவுதான்."

மிஸ் வெர்னெல் அன்று இசைத்தட்டைப் போடவில்லை. கூட்டத்தை வாசலுக்கு அழைத்துவந்தார். திரும்பிப் பார்க்க மறந்துவிட்டார். பிறகு மார்வாவைத் தன் காருக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்தார். இருவரும் ஒரு மணி நேரம் அங்கே இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கிளம்பும்போது மார்வா கார் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றதை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அன்று மாலையே மிஸ் வெர்னெல் நிர்வாகி ஹாஸ்கெலிடம் போய், பலகையை மாற்றச் சொன்னார். ஹாஸ்கெல் நல்ல மனிதர்தான். அது கிராண்டலே ஒரு பேட்டியில் சொன்னது, ஜனங்கள் அவரை நேசிக்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார்.

"உள்ள இருந்தவர் சொன்னத எழுதியிருக்கீங்க. வெளிய இருந்தவங்கள யாராவது கேட்டீங்களா?" என்றார் மிஸ் வெர்னெல்.

நிர்வாகக் குழு கூடி முடிவு செய்யும், அதுவரை இருப்பதையே சொல்லுங்கள் என்று ஹாஸ்கெல் முடித்துக்கொண்டார். அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் மிஸ் வெர்னெல் வரவில்லை. தேவாலயத்திலும் தாளம் முந்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

"ஒன்பது வருஷமா ஜனங்கள தப்பான ஸ்டாப்புல இறக்கி விட்டிருக்கேன்" என்றார்.

அதனால் யாருக்கும் நஷ்டமில்லையே என்றேன்.

"அந்தப் பொண்ணு மார்வா அங்கதான வந்து இறங்கினா." கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். "அந்த ஆள எனக்கு இப்பவும் பிடிக்குது. அதான் கஷ்டம்."

மூன்றாவது சனிக்கிழமை பதினொரு மணிச் சுற்றுக்கு வந்துவிட்டார். பத்துப் பேர். ஹாஸ்கெல் என் மேசையருகே வந்து நின்று கவனித்துக்கொண்டிருந்தார். பியானோ அறையில் இசைத்தட்டின் மேல் முள்ளை வைத்ததும் எல்லோரும் நாற்காலியைத் தேடினார்கள். மிஸ் வெர்னெல் உட்காரவிடவில்லை.

"வெளிய வாங்க கண்ணுங்களா, எல்லாரும்."

குறுகலான நடைவழியில் பத்துப் பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். கதவைப் பற்றிப் பலகையில் இருப்பதையும் அவர் சொல்லவில்லை, மார்வா சொன்னதையும் சொல்லவில்லை. கதவை இழுத்துச் சாத்தினார். கனமான ஓக் கதவு. மேல் ஸ்வரங்கள் உள்ளேயே நின்றுவிட்டன. இடது கை வாசிக்கும் கீழ் ஸ்வரங்கள் மட்டும் மங்கலாக வந்தன. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் கதவையே பார்த்தார்கள். ஹாஸ்கெல் ஓர் அடி முன்னால் வைத்தார், அங்கேயே நின்றுவிட்டார்.

எழுபத்தோரு வயது மிஸ் வெர்னெல், சுவரைப் பிடித்து மெல்ல முழங்காலை மடக்கி, இஸ்திரி கலையத் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையை விரித்துக் கதவின் மேல் வைத்தார்.