மூன்று பானைத் தண்ணீர் யாருக்கு?

இலவசமாக ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கெஞ்சுகிற வேலை இருக்கிறதே, அதைச் செய்தவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். தொண்ணூற்றொன்றில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூரில் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டும் பானைகளைக் கொடுத்தேன். இரும்பு ஸ்டாண்டில் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று. மேல் பானையில் மணல், நடுவில் கரி, அடியில் வடிந்த தண்ணீர். அதைக் காய்ச்சி ஆற்றிக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற வீடுகள் எப்படியோ போகட்டும், சரோஜா வீட்டிலாவது இது நடந்தே ஆக வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். அவளுடைய ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு ஏரித் தண்ணீரால் அடிக்கடி பேதி. பார்க்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தது.

புதுப் பானை

அடுத்த வாரம் போனால், மூன்று பானைக்கும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து ஜம்மென்று நிறுத்தியிருந்தாள். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. குழந்தைக்கு மறுபடியும் பேதி. நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. விவரம் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் சரோஜா பொறுமையாகச் சொன்னாள்:

“ஆடி மாசத்துல யாராச்சும் புதுப் பானைல தண்ணி ஊத்துவாங்களா சார்? ஆவணி பொறக்கட்டும்.”

நடுப் பானை

ஆவணி பிறந்தது, தண்ணீரும் ஊற்றினாள். ஆனால் மேலே ஊற்றியது அதே பாசி வாடையோடு கீழே வந்தது. நடுப் பானையில் கையை விட்டுப் பார்த்தேன். பாதிக் கரியைக் காணோம். நான் கழுவிக் காயவைத்து, பொடிப்பொடியாக உடைத்துக் கொண்டுவந்த கரி! அந்த நேரம் பார்த்துச் சரோஜாவின் புருஷன் முனுசாமி, மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர், வாயெல்லாம் கறுப்பாகக் கொல்லைப்புறத்திலிருந்து வந்தார். நான் கேட்காமலேயே பாராட்டினார்:

“கடைல விக்கிற பல்பொடிலாம் இதுக்குக் கிட்ட வராது சார். இன்னும் கொஞ்சம் இருந்தா எடுத்தாங்க.”

கேன்

புதுக் கரி போட்டேன். பல் தேய்க்கத் தனியாக ஒரு பொட்டலமும் கொடுத்துத் தொலைத்தேன். அடுத்த முறை போனபோது தண்ணீர் பளிச்சென்று வடிந்துகொண்டிருந்தது. குழந்தை மட்டும் துவண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, அன்றைக்குக் காலையில்தான் தூக்கி வந்திருக்கிறார்கள். விசாரித்தால், வடிந்த தண்ணீரைக் காய்ச்சி, ஆற்றி, அத்தனையையும் புருஷனுக்குக் கேனில் ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறாள். குழந்தைக்கு அதே ஏரித் தண்ணீர். ஏன் என்று கத்தியேவிட்டேன். சரோஜா குழந்தையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்:

“அவுரு ஷிப்ட்டுக்குப் போறவரு சார். அவுரு படுத்துட்டா வூடே படுத்துடும்.”

லைனில் ஒரு நாக்கு

முனுசாமி ஷிப்ட் முடிந்து வரும்வரை உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளை இப்படிக் கிடக்க, அந்தத் தண்ணீர் உங்களுக்கு எப்படி இறங்குகிறது என்று கேட்டேன். அவர் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்:

“நான் எங்க சார் குடிச்சேன்? லைன்ல சூப்பர்வைசரு ஒருவாட்டி வாங்கிக் குடிச்சாரு, இனிக்குதுன்னாரு. அப்பால தெனம் கேன அவராண்ட குடுத்துட்டு, நான் பைப்புத் தண்ணியக் குடிச்சிக்கினு கீறேன். இல்லன்னு சொன்னா எனக்கு ஓ.டி. போடுவாரா?”

மறுநாளே குழந்தைக்கென்று இன்னொரு ஸ்டாண்ட் கொண்டுபோய் வைத்தேன், அதன் வயிறும் தேறியது; ஆனால் அதுவரை பென்னலூரில் நான் பாடுபட்டுக் காப்பாற்றிய ஒரே வயிறு மறைமலை நகர் சூப்பர்வைசருடையதுதான்.