இடது கையால் ஒரு பக்கம்

பிச்சாவரம் சாலையில் பாதி தூரத்துக்கு மேல் போய்விட்டுப் படகு ஏறாமல் திரும்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போனது ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. காரணம் என் தங்கை மலர். கிள்ளைக்குச் சற்று முன்னால் ஓர் ஊரில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறாள். (ஊர்ப் பெயரைப் போட்டால் மேலிடத்துக்குப் பதில் சொல்லி மாளாது என்கிறாள். விட்டுவிடுகிறேன்.) இரண்டு நாள் முன்பு போனில் அழைத்தாள்.

"அண்ணே, பதினாலு புள்ளைங்கள்ல ஒம்போது பேர எல்கேஜிக்கு மாத்தப் போறாங்களாம். நோட்டு இல்ல, ஏபிசிடி இல்லங்குறாங்க. ஒம்போதும் போயிட்டா சென்டர பக்கத்து ஊரோட சேத்துடுவாங்க. சனிக்கிழம பெத்தவங்க கூட்டம். நீ வந்து பேசு."

நான் கூட்டங்களில் பேசுவதை நிறுத்திப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர். பெற்றோருக்காக நான் உருவாக்கிய ஒரு பயிற்சியை, எனக்கு மேலே இருந்தவர் தன் பெயரில் அச்சடித்து மாவட்டம் மாவட்டமாக நடத்தினார். கேட்டதற்கு, "டீம்னு இருந்தா அப்படித்தான்" என்றார். வேலையை விட்டேன். அவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. அந்தப் பயிற்சியை இனி நடத்துவதில்லை என்று சபதம் வேறு. மலரிடமும் சொன்னேன்: "பேசுறேன். அத மட்டும் செய்யமாட்டேன்."

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் காலை 7.20க்குப் பேருந்து. சிதம்பரத்துக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், காலை வெயில் படாது. எனக்கு வலப்பக்கத்தில் கிடைத்தது மழலையர் பள்ளி விளம்பரங்கள்தான். முட்லூர் தாண்டுவதற்குள் பதினேழு பலகைகள். கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக மூன்றரை வயதுப் பட்டதாரிகள் வரிசையாகச் சிரித்தார்கள். அந்த வயதில் மூக்கைச் சிந்தக் கற்றுக்கொண்டாலே பட்டம் கொடுக்கலாம், ஆனால் அதற்கு யாரும் பலகை வைப்பதில்லை.

சிதம்பரத்தில் 8.45க்கு இறங்கினேன். நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லி, கத்தரிக்காய் கொத்சு, காபி: எழுபத்தைந்து ரூபாய். கொத்சுக்காகவே இறங்கலாம். கிள்ளைக்கு டவுன் பஸ் பத்தே காலுக்குத்தான் என்றார்கள். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ பேசினேன், முந்நூறு ரூபாய்.

ஓட்டுநர் பெயர் ஏழுமலை. "பிச்சாவரமா சார்? போட்டுக்கும் சேத்து ரிட்டன் பேசிக்கலாம்."

இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மலர் டீச்சர் சென்டரா? எம் பொண்ணு யாழினி அங்கதான் சார் போவுது. கூட்டத்துக்கு நானும்தான் போறேன். இன்னும் ஒரு மாசம், அப்பறம் எல்கேஜி."

"ஏன்?"

"டீச்சர் தங்கமானவங்க. ஆனா வருசம் பூரா களிமண்ணு, புளியங்கொட்ட, பாட்டு. எம் பொண்ணு மண்ணு பெசையவா நான் ஆட்டோ ஓட்டுறேன்? எம் மச்சான் பையனுக்கு அதே வயசு. ஏலேர்ந்து இசட் வரைக்கும் எழுதுறான்."

"என்ன எழுதுறோம்னு அவனுக்குத் தெரியுமா?"

"எழுதுறான்ல சார். தெரியறது அப்பறமா தெரிஞ்சிக்கட்டும்."

நான் யாரென்று சொல்லவில்லை.

பத்தரை மணிக்குக் கூட்டம். ஒரே அறை. பதினொரு பெற்றோர் தரையில் பாயில் உட்கார்ந்தார்கள். மூலையில் குழந்தைகள் புளியங்கொட்டையைக் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மலர் என்னைத் தன் அண்ணன் என்று அறிமுகப்படுத்த, ஏழுமலை தலையைச் சொறிந்தார். பத்து நிமிடம் பேசினேன். களிமண் பிசைந்தால் விரல் வலுக்கும், கொட்டையைப் பொறுக்கினால் நாளை பென்சில் பிடிக்கும் பிடி இன்றே வரும், மூன்று வயது மணிக்கட்டு எழுதுவதற்கு இன்னும் தயாராகவில்லை என்றெல்லாம் சொன்னேன். ஒரு பெண் கொட்டாவி விட்டாள்.

ஏழுமலை எழுந்தார். "சார் சொல்றது கரெக்ட்டாதான் இருக்கும். ஆனா எல்கேஜி சேக்கறப்ப ஏ எழுதச் சொல்றாங்க. அங்க போயி எம் பொண்ணு புளியங்கொட்டய பொறுக்கிக் காட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மலர் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தாள். பதினோரு வருடச் சபதத்தை அந்த இடத்தில் உடைத்தேன். என் பயிற்சியை எனக்கே நான் தடைசெய்துகொண்டால், லாபம் திருடியவருக்குத்தானே?

மலரிடம் வாங்கி, ஆளுக்கொரு நான்கு கோட்டுத் தாளும் பென்சிலும் கொடுத்தேன். எழுதிப் பழகாத கையால், ஆங்கிலச் சின்ன ஏ, ஒரு பக்கம் முழுக்க எழுத வேண்டும். தலைக்கு மேல் நின்று நான் விரட்டினேன். "கோட்டைத் தாண்டக் கூடாது! சீக்கிரம்! பக்கத்து வீட்டுப் பையன் முடிச்சிட்டான்!"

ஏழுமலைக்கு வியர்த்தது. "சார், இந்தக் கையில நான் டம்ளர் கூட புடிச்சதில்ல."

"உங்க பொண்ணுக்கு இப்ப ரெண்டு கையுமே இந்தக் கைதான்."

அப்போதுதான் யாழினி மூலையிலிருந்து எழுந்து வந்தாள். அப்பாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தாளோடு அழுத்தினாள். "புள்ளி மேலயே போவணும். அழாம எழுது. அழுதா முட்ட கெடையாது."

அறையே சிரித்தது. ஏழுமலை மட்டும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"யாரு பாப்பா அப்பிடி சொன்னது?" என்றார் ஏழுமலை.

"டீச்சர்."

மலர் பீரோவைத் திறந்தாள். பதினான்கு நோட்டுகளை எடுத்துப் பாயின் நடுவில் வைத்தாள். பக்கத்துக்குப் பக்கம் அவள் கையால் புள்ளி வைத்த எழுத்துகள். அவற்றின் மேல் பென்சில் கோணல்மாணலாக ஓடியிருந்தது. சில இடத்தில் தாளே கிழிந்திருந்தது.

"மூணு வாரமா எழுத வெக்கிறேன். நீங்கல்லாம் போயிடுவீங்கன்னு பயம். கையப் புடிச்சி அழுத்துனேன். அழுதுதுங்க. முட்ட குடுக்காம இருந்ததில்ல. ஆனா கெடையாதுன்னு சொன்னேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. போனில் இதைச் சொல்லாமல் என்னைக் கொள்கை பேச வைத்துவிட்டாளே என்று. அவளோ என் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னிக்கி உங்களுக்குக் காட்டத்தான் எடுத்து வெச்சிருந்தேன். வேணுங்கறவங்க எடுத்துக்கிட்டுப் போங்க. இனிமே இந்த சென்டர்ல நோட்டு கெடையாது. எல்கேஜில சேக்கறவங்க சேத்துக்குங்க. ஒத்தப் புள்ள இருந்தாலும் நான் களிமண்ணுதான் பெசைவேன். மேலேர்ந்து யாரு வந்து கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்."

நான்கு பேர் நோட்டைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் பிள்ளைகள் எல்கேஜிக்குத்தான். ஏழுமலை நோட்டைத் தொடவில்லை.

திரும்பும்போதும் அதே ஆட்டோ.

"டீச்சருக்கு அண்ணன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம் சார்."

"சொல்லியிருந்தா அந்தக் கேள்வியக் கேட்டிருப்பீங்களா?"

"இன்னும் ஜாஸ்தியா கேட்டிருப்பேன்." சிரித்தார். இடது கையால் தான் எழுதிய பக்கத்தைக் கண்ணாடிக்கு மேல் செருகியிருந்தார். "மச்சான்கிட்ட காட்டணும். அவனையும் ஒரு பக்கம் எழுத வெக்கறேன், இருங்க."

"யாழினி?"

"இன்னும் ஒரு வருசம் இங்கியே இருக்கட்டும் சார். கை வளரட்டும்."

மாற்றுவதாக இருந்த ஒன்பதில் மீதி நான்கு பேரும் இருப்பதாக மலரிடம் சொன்னார்களாம். ஆகப் பத்துக் குழந்தைகள். சென்டர் நிற்குமா என்பது ஜூனில் தெரியும். நிற்காவிட்டால் மேலிடத்தில் யாரிடம் சண்டை போட வேண்டும் என்பது எனக்கு இப்போதே தெரியும்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறுமுன், பதினோரு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். கிள்ளை பஸ்ஸை நம்பினால் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடிக்குள் போவதானால் டீச்சரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள், "ஏ சொல்லு, பி சொல்லு" என்று யாரையும் நிற்க வைக்காதீர்கள்.

இடது கைப் பயிற்சியை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். ஒரு தாள், ஒரு பென்சில், விரட்ட ஓர் ஆள் போதும். கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டும் என்றுதான் பதினோரு வருடமாக நினைத்திருந்தேன். இப்போது யாழினியைச் சொல்லுங்கள். என் பயிற்சியில் முட்டை இல்லை. அதை அவள்தான் சேர்த்தாள்.