பொங்கல் சீராக வந்த ராட்செட்

என் கடையில் விற்கிற சாமான் எல்லாம் மலிவுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அம்மா மண்டபம் ரோட்டில் இந்த அப்துல் ஹலீமிடம் ஒரு சுத்தியலோ கொறடோ வாங்கி அது உடைந்துபோனால், நேரே என்னிடம் கொண்டுவரலாம். முகத்தைப் பார்த்து வேறு எடுத்துக் கொடுத்துவிடுவேன். பில் கேட்க மாட்டேன். நான்தான் பில்லே போடுவதில்லையே! இதுதான் என் வாரண்டி, இதற்கு மேல் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று போன மாசி மாதம் வரை சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தேன். என் வாயை அடைத்தவள் ஆனந்தவள்ளி.

தொட்டியத்துப் பெண். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவள். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தாள். வந்த கையோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஸ்கூட்டர் பழுது பார்க்க ஆரம்பித்துவிட்டாள். உத்தர வீதி மாமிகள் முதல் காலேஜ் பெண்கள் வரை வண்டி நின்றால் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். வாய் கொஞ்சம் நீளம். "பரவாயில்ல, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பொரிந்து தள்ளிவிடுவாள்.

ராட்செட் என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் பிடித்து மறு பக்கம் கரகரவென்று விட்டுக்கொடுக்கிற கைப்பிடி. அதன் முனையில் சாக்கெட்டை மாட்டி நட்டைக் கழற்றுவார்கள். முதலில் அதை என்னிடம்தான் வாங்கினாள். உடைந்தது, மாற்றிக் கொடுத்தேன். அதுவும் உடைந்தது, மாற்றிக் கொடுத்தேன். அடுத்த தடவை ராட்செட் பிடி விட்டுக் கை வழுக்கி, விரல் முட்டியெல்லாம் இன்ஜினில் உரசி ரத்தத்தோடு வந்து நின்றாள்.

"பாய், ராட்செட்ட நீங்க மாத்தித் தந்துடுவீங்க. என் விரல யாரு மாத்தித் தருவா?"

எனக்குக் கோபம் மட்டும் நன்றாக வந்தது.

அந்த வருடப் பொங்கல் சீருக்கு என்ன வேண்டும் என்று அவளுடைய அண்ணன் வீரமலை கேட்டிருக்கிறார். தொட்டியத்தில் வாழை போட்டிருக்கிறவர், தங்கை என்றால் உயிர். இவள் குத்துவிளக்கு கேட்கவில்லை, பட்டுப்புடவை கேட்கவில்லை. பெரிய கம்பெனி சாக்கெட் செட் கேட்டாள். "ஆயுசுக்கும் கம்பெனி பொறுப்புண்ணே. உடைஞ்சா புதுசு தருவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். தெருவே சிரித்தது. சீர்த்தட்டில் கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் நடுவில் ஸ்பேனர் பெட்டி வந்து இறங்கியபோது நானும்தான் சிரித்தேன்.

சீர் என்றால் பேர் வெட்டாமல் இருக்குமா? வீரமலை அந்த ராட்செட்டைப் பெரிய கடை வீதிப் பாத்திரக் கடைக்குக் கொண்டுபோய், குடம் தவலைக்கு வெட்டுவதுபோல் கைப்பிடியில் அழகாக வெட்டி வாங்கிவந்திருந்தார்: 'தங்கை ஆனந்தவள்ளிக்கு வீரமலை, பொங்கல் 2021'. ஒரு பக்கம் கம்பெனிப் பேர் புடைப்பாக இருந்ததால் மறுபக்கம் வெட்டச் சொன்னாராம். அங்கே ஏதோ பொடி எழுத்து இருந்ததாம். அதையும் தேய்க்கச் சொல்லிவிட்டாராம்.

அந்த ராட்செட் வருடக்கணக்காக உழைத்தது. பொய் சொல்லக் கூடாது, பார்க்கப் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது.

மாசியில் ஆனந்தவள்ளி என் கடைக்கு இரண்டு கடை தள்ளிச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் திறக்க நாள் குறித்தாள். அண்ணன்தான் வந்து விளக்கேற்ற வேண்டும், அவர் தந்த ராட்செட்டால்தான் முதல் நட்டைக் கழற்ற வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சரியாகத் திறப்புக்கு முதல் நாள் அது உடைந்தது! உள்ளே பல் போய், இரண்டு பக்கமும் சும்மா சுற்றியது.

"வந்துச்சா வழிக்கு?" என்றேன். "கம்பெனிக்காரன் கையக் கழுவிடுவான். பேசாம என்கிட்ட ஒண்ண எடுத்துக்க."

"மாத்தித் தருவாங்க பாய்."

"தந்துட்டா நான் அந்தக் கம்பெனி சாமான என் கடை வாசல்லயே தொங்கவிடுறேன். தரலன்னா உன் ஒர்க்‌ஷாப்புக்கு எல்லாச் சாமானும் என்கிட்டதான் வாங்கணும். சரியா?"

"சரி. நீங்களும் வாங்க, நேர்லயே பாருங்க."

அவள் ஸ்கூட்டரில் பறந்தாள். நான் என் மொபெட்டில் காவிரிப் பாலத்து நெரிசலில் மாட்டி, ஆரனை அழுத்தியபடி பின்னால் போனேன். தில்லைநகரில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். கவுண்டரில் ஹரிஹரசுதன் என்று சட்டையில் பேர் குத்திய ஒரு இளைஞர் இருந்தார். ராட்செட்டை வாங்கித் திருகிப் பார்த்தார்.

"பல்லு போயிருக்கு மேடம். இது எங்க பொறுப்புதான். பில் கூட வேண்டாம், கைப்பிடியில இருக்கிற நம்பர் மட்டும் சொல்லுங்க."

திருப்பிப் பார்த்தவர் முகம் மாறியது. அந்தப் பொடி எழுத்துதான் நம்பர்! 'தங்கை ஆனந்தவள்ளிக்கு' என்பதற்கு அடியில் அது செத்துப்போயிருந்தது. முதல் இரண்டு எழுத்தும் கடைசியில் ஒரு ஏழும் மட்டும் மிச்சம்.

"நம்பரை அழிச்சிருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க மேடம்."

"அழிக்கலங்க. பேரு வெட்டியிருக்கு. எங்க அண்ணன் சீரு."

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. நாளைக்கு அண்ணன் வந்து 'எங்கம்மா நம்ம ராட்செட்டு?' என்று கேட்டால் என்ன சொல்வாள்? ஆயுசுக்கும் பொறுப்பு என்று அவரை நம்பவைத்தவளே இவள்தான். எனக்கே தாங்கவில்லை.

"ஏன் தம்பி, வேற வழியே இல்லையா?" என்று பந்தயத்தை மறந்து நானே கேட்டுவிட்டேன்.

"பெட்டி இருக்குங்களா? மூடிக்கு உள்பக்கம் அதே நம்பர் ஒட்டியிருக்கும். ஆறு மணிக்குள்ள காட்டினா போதும்."

ஆனந்தவள்ளி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ பாய், பெட்டி தொட்டியத்துல இருக்கு!"

சீர் வந்த தட்டு, தூக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தபோது, அந்தப் பெட்டியையும் சேர்த்து அனுப்பிவிட்டாளாம். வெறுமையாக அனுப்பக் கூடாதே என்று அதிரசம் நிரப்பி வேறு! உலகத்திலேயே சாக்கெட் செட் பெட்டியில் அதிரசம் வைத்து அனுப்பியவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அண்ணி பானுமதிக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹரிஹரசுதன் கடிகாரத்தைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் வீடியோ காலில் பானுமதியின் முகம் தெரிந்தது.

"என்ன வள்ளி, நாளைக்குத்தான வரப்போறோம்?"

"அண்ணி, அந்தச் சிவப்புப் பெட்டி எங்க?"

"அதுலதான் வத்தல் மிளகாய் போட்டு வச்சிருக்கேன். எறும்பு கூட நுழையாது, அவ்வளவு நல்ல பெட்டி."

"கொட்டுங்க அண்ணி! உடனே கொட்டுங்க!"

கேள்வி கேட்காமல் கொட்டினார், புண்ணியவதி. மூடியின் உள்ளே மிளகாய்த் தூள் அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்தார், தும்மினார், மறுபடி துடைத்தார். படம் நின்று நின்று வந்தது. "போன கிட்டக் கொண்டுபோங்க!" என்று நானும் ஹரிஹரசுதனும் சேர்ந்து கத்தினோம். சர்வீஸ் சென்டருக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பானுமதி ஒவ்வொரு எழுத்தாகத் தும்மலோடு படித்தார். முதல் இரண்டு எழுத்தும் சரி. நடுவில் உள்ளதை ஹரிஹரசுதன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்தார்.

"கடைசி எழுத்து என்னங்க?"

"ஏழு!"

நான் கவுண்டரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் திருச்சியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஹரிஹரசுதன் புதிய ராட்செட்டை எடுத்துவைத்தார். பழையதைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். ஆனந்தவள்ளி அதை உடனே கொடுக்கவில்லை. அண்ணன் பேரை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு, வைத்துவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்குத்தான் போவாள் என்று நினைத்தேன். வண்டி நேராகப் பெரிய கடை வீதிக்குத் திரும்பியது.

அதே பாத்திரக் கடை. பேர் வெட்டுகிறவர் மிஷினைக் கையில் எடுத்ததும் நான் பாய்ந்து போய் நம்பர் மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"இத விட்டுட்டு வேற எங்க வேணும்னாலும் வெட்டுங்க!"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, போனில் இருந்த படத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வெட்டினார். கடைசியில் நிமிர்ந்தார்.

"இதுல 2021ன்னு இருக்கு. பொருளு புதுசா இருக்கே. இந்த வருசமே போட்டுடவா?"

"இல்லைங்க, 2021தான்" என்றாள் ஆனந்தவள்ளி. "எங்கண்ணன் அன்னைக்குத்தான் குடுத்துச்சு."