நேராகப் போகாத விமானம்

கோவிந்தராஜன் இருபத்தெட்டு வருஷம் ரயில் எஞ்சின் ஓட்டியவர். 2004 மார்ச்சில், கண்ணாடி போட்டும் பார்வை போதவில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். வங்காளத்தில் கார்டன் ரீச்சில் உள்ள ரயில்வே தலைமையகத்தில் ஒரு மேஜை கொடுத்து உட்காரவைத்தார்கள். கண் மறுபரிசோதனை கேட்க ஒரு மாத அவகாசம் இருந்தது. பூர்த்தி செய்த விண்ணப்பம் பீரோவில் கிடந்தது. திங்கட்கிழமை கடைசி நாள்.

இதற்கிடையில் மகள் மஹிமா வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். வானத்தில் அவர் பிரமாதமாகப் பறந்தார். தரையில்தான் தகராறு. ஓடுபாதைக்குப் போகும் மஞ்சள் கோட்டில் விமானம் நிற்காது. மெல்ல இடப்பக்கம் நழுவிப் புல்லில் இறங்கும்.

"புல்லு மேஞ்சது போதும், சாப்பிட வாங்க" என்றாள் மனைவி வசந்தி.

அவர் சிரிக்கவில்லை. கோளாறு மெஷினில் என்றால் சரி. இல்லையென்றால், கோடு அவர் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. டாக்டர் எழுதியது நியாயம். மெஷின்தான் காரணம் என்று தெரிந்தால் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டினார்.

எஞ்சின் நடுவழியில் நின்றால் புரட்டிப் பார்க்க ஓட்டுநரிடம் பழுது நீக்கும் புத்தகம் ஒன்று இருக்கும். அந்த முறையிலேயே ஒரு நோட்டில் வரிசை போட்டார். விளையாட்டில் காற்றில்லாத நாளாக மாற்றினார். புல். இரண்டு பிரேக்கையும் சோதித்தார். சமம்தான், ஆனாலும் புல். விளையாட்டையே அழித்து மறுபடி ஏற்றினார். அப்போதும் புல்தான்.

சனிக்கிழமை, விமானத்தைத் திருப்பும் கைப்பிடியான ஜாய்ஸ்டிக்கைப் பையில் போட்டுக்கொண்டு டாலிகஞ்சில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் சொருகி, அப்படியும் இப்படியும் முறுக்கிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமில்ல தாதா. புதுசு மாதிரி இருக்கு" என்றார். அந்த ஊரில் தாதா என்றால் அண்ணன்.

அப்படியென்றால் கண்தான் என்று நினைத்தபடி கோவிந்தராஜன் ஜாய்ஸ்டிக்கை மறுபடி பையில் போட்டார்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் பாதி சீட் கிடைத்தது. ரோடு நேராகத்தான் போனது. ஆனால் டிரைவரின் கை ஓயவில்லை. துளி இடம், துளி வலம், மறுபடி இடம்.

"ரோடு நேராத்தானே இருக்கு? எதுக்கு ஆட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்று தன் அரைகுறை வங்காள மொழியில் கேட்டார்.

"கைய விட்டா வண்டி நேரா மீன் கூடைக்குள்ள போய் நிக்கும் தாதா. நீங்க என்ன ஓட்டுவீங்க?"

"ரயில்."

"அதான!" என்று டிரைவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பின்சீட்டும் சிரித்தது.

கோவிந்தராஜன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். வேகம் கூட்டத் தெரியும், நிறுத்தத் தெரியும். திருப்புகிற வேலையை இத்தனை வருஷமும் தண்டவாளம் பார்த்துக்கொண்டது. கோட்டுக்கு நேராக்கியதும் கையை எடுத்துவிட்டு, விமானம் தானாகப் போகும் என்று அவர் காத்திருந்திருக்கிறார்.

ஞாயிறு காலை கையை எடுக்கவே இல்லை. துளி இடம், துளி வலம். மஞ்சள் கோடு விமானத்தின் மூக்குக்கு அடியிலேயே ஓடியது. வசந்தி காபியோடு வந்து நின்று பார்த்தாள்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஓரமாக ஒரு வழிகாட்டிப் பலகை. கோவிந்தராஜன் குனிந்தார். இன்னும் குனிந்தார். மஞ்சளாக ஏதோ கலங்கித் தெரிந்தது.

"மஹி, அதுல என்ன போட்டிருக்கு?"

வாசற்படியில் தலை துவட்டிக்கொண்டிருந்த மஹிமா அங்கிருந்தபடியே சொன்னாள். "ஸி, அப்பா. அம்புக்குறி வலப்பக்கம். எவ்ளோ பெரிசா இருக்கு!"

கோவிந்தராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்; அப்போதும் கலங்கல்தான். திரையில் எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது.

"இங்க வந்து உக்காரு" என்றார் அவர். "எஞ்சின்ல அசிஸ்டென்ட் சிக்னலைப் பாத்துச் சத்தமாச் சொல்லுவான். டிரைவர் திருப்பிச் சொல்லணும். அப்பதான் வண்டி நகரும்."

திங்கட்கிழமை விண்ணப்பம் பீரோவிலேயே இருந்தது. சாயங்காலம் மஹிமாவின் குரல் பக்கத்து வீடு வரை கேட்டது.

"ஸி, வலப்பக்கம்!"

"ஸி, வலப்பக்கம்" என்று கையை உயர்த்திச் சொல்லிவிட்டு, கோவிந்தராஜன் விமானத்தைத் திருப்பினார்.