ஆணியில் தொங்கிய வீடுகள்

போன வாரம் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பையனின் சட்டையில் கூலண்ட் வாசனை. லேத்தில் இரும்பு கடையும்போது பால் மாதிரி ஊற்றுவார்களே, அது. மற்றவர்களுக்குக் குமட்டும். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா கம்பெனி வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனாலும் அவள் உள்ளங்கையில் அந்த வாசனை இருக்கும். கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் வீட்டுச் சாவியெல்லாம் அவளிடம்தான்.

பாரூர்ப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். எழுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு ஓசூரில் வாட்ச்மேன் வேலை கிடைத்ததும் வந்தாள். லைன் வீடு: ஒரே ஓட்டின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், முன்னால் ஒரு குழாய். திருநெல்வேலிப் பையன்கள், கன்னடக் குடும்பம், தெலுங்குக் குடும்பம் என்று எல்லாரும் உண்டு. அம்மா மூன்று பாஷையும் கலந்து தப்பாகப் பேசுவாள். சண்டை தீர்க்கும்போது மட்டும் எதிலும் தடுமாற மாட்டாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்களின் குடம்தான் முதலில் நிரம்ப வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

சாவி விஷயமும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு அறையில் இரண்டு பேர், வேறு வேறு ஷிப்ட், சாவி ஒன்று. போகிறவன் அம்மாவிடம் கொடுப்பான், வருகிறவன் வாங்கிக்கொள்வான். பிறகு குடும்பக்காரர்களும் கொடுத்தார்கள். எங்கள் கதவுக்குப் பின்னால் வரிசையாக ஆணி.

நான் எட்டாவதோடு நின்று, சின்னக் கம்பெனியில் போல்ட் பேக்கிங் செய்துகொண்டிருந்தேன். படிப்பு நின்றதே தவிர, கவலை நிற்கவில்லை. எவர் வீட்டில் டம்ளர் காணாமல் போனாலும் நம் தலையில்தானே விழும் என்று எனக்குச் சோறு இறங்காது.

ஒரு மதியம் தகரப் பெட்டியோடு ஒரு பெண் வந்து நின்றாள். நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்பான வயிறு. பேர் லட்சுமி, ஊர் குருபரப்பள்ளி, நாலாவது அறை கோவிந்தனின் மனைவி என்றாள். கோவிந்தனோ கல்யாணமே ஆகவில்லை என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவன். அம்மா அவள் மாமியார் பேரை மட்டும் கேட்டாள். அது கோவிந்தன் அம்மா பேரேதான் என்றதும் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"அவரு வர்ற வரைக்கும் நம்ம வீட்ல உக்கார வச்சிருக்கலாமேம்மா."

"அவளுக்குன்னு ஒரு வீடு இருக்கறப்ப நம்ம வீட்ல எதுக்குடி உக்காரணும்?"

சாயங்காலம் கோவிந்தன் நேரே எங்கள் வாசலுக்கு வந்தான். "யாரக் கேட்டுத் தொறந்து உட்டீங்க? நாளைக்கு எவளாவது வந்து பொண்டாட்டின்னு சொன்னா அவளுக்கும் குடுப்பீங்களா?"

"இவ உன் பொண்டாட்டி இல்லன்னு சொல்லு. நானே பஸ் ஏத்தி உடறேன்" என்றாள் அம்மா.

அவன் திரும்பித் தன் அறைக்குப் போனான்; லட்சுமி அங்கேயே தங்கினாள். ஆனால் அவன் கேட்ட கேள்வி லைனில் தங்கிவிட்டது. அவரவர் சாவியை ஏதோ சாக்குச் சொல்லி வாங்கிப் போனார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. அதுதான் அம்மாவை வாட்டியது. குழாயடிக்குக் கூட்டம் கலைந்த பிறகே போனாள். "கேட்டுட்டுக் குடுத்திருக்கணுமோ?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் போய்! சாவிகள் தொலைந்தால் நிம்மதி என்று நினைத்திருந்தவள் நான். இப்போது வெறும் ஆணிகள் தெரியாமலிருக்க நானே கதவைத் திறந்து வைத்தேன்.

ஒரு நாள் காலை லட்சுமி வந்தாள், கையில் பளபளவென்று புதுச் சாவி.

"அவரோடது இல்லக்கா. பஜார்ல நானே போட்டுக்கினு வந்தேன். ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போறேன், இனிமே இது உங்ககிட்ட இருக்கட்டும்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியட்டுமே."

அம்மா அதை நடு ஆணியில் மாட்டினாள். வலி கண்டபோது அந்த வீட்டைத் திறந்து துணி எடுத்துக்கொண்டு ஓடியவளும் அம்மாதான். அதற்குப் பிறகு மற்ற சாவிகள் ஒவ்வொன்றாக, வாங்கிப்போன அதே சாக்குகளோடு திரும்பி வந்தன. கோவிந்தன் மட்டும் கடைசி வரை தன் சாவியைக் கொடுக்கவில்லை. ஆனால் அவன் மகள் நடை பழகியது எங்கள் வீட்டில்.

அம்மா எண்பதைத் தாண்டி, என் பிள்ளைகளையும் வளர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். பிள்ளைகள் பெங்களூரில், நான் மூன்றாவது மாடியில் தனியாக. பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் கதவை யார் திறப்பார்கள் என்பது இப்போதைய கவலை. மாற்றுச் சாவி ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் மாடியில் இன்னும் மூன்று வீடுகள். இரண்டு தடவை சாவியோடு வெளியே வந்து நின்றேன். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் உள்ளே வந்து தாழ் போட்டுக்கொண்டேன்.